ஜாபிரின் வியாழக்கிழமைகள்

மாலை ஏழரை மணி. கொட்டாஞ்சேனையில் ஒரு தெரு. அந்த முனையிலிருந்து இந்த முனை வரை ஒரு மனுசக் குஞ்சு இல்லை.

நாற்பத்திரண்டாம் ஆண்டு அது. ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போனதிலிருந்து கொழும்பில் பாதிச் சனம் மூட்டை கட்டிவிட்டது. மிச்சப் பாதி, பொழுது பட்டதும் கதவைச் சாத்திக்கொள்ளும். தெருவிளக்கு எரியாது. ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஏழரை மணியென்றால் நடுச்சாமம் மாதிரி… அந்த இருட்டில்தான் வரதராசா மதிலோரமாக நடந்தார். நாலடி நடப்பார். நிற்பார். காதைக் கொடுத்துக் கேட்பார். மறுபடி நாலடி.

பயந்து நடக்கவில்லை. பேயைத் தேடி நடந்தார்.

என்னோடு வேலை செய்த சிவபாலனுக்கு இவர் சொந்தத் தாய்மாமன். அதனால்தான் சொல்கிறேன், இதை யாரும் இட்டுக்கட்டவில்லை. கிட்ட வந்து இருங்கள்.

வரதராசாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கோட்டையில் கிளார்க் வேலை, வெள்ளவத்தையில் ஓர் அறை. கலியாணம் இல்லை, குடி இல்லை. அவருக்கிருந்த ஒரே பைத்தியம் சிலம்படிக்காரர் தாஸிம். கொழும்பிலிருந்து பேருவளை வரைக்கும் தாஸிமை வென்ற கம்பு கிடையாது. தாஸிம் கம்பைச் சுற்றினால் கம்பு தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். விர்ர்ர்… ஒரு செம்புத் தண்ணீரை மேலே வீசினாலும் இடுப்பில் உடுத்த சாரத்தில் ஒரு சொட்டுப் படாது. வரதராசா இதையெல்லாம் கண்ணால் கண்டவர். ஆறு வருஷத்தில் ஓர் ஆட்டம் தவறவிட்டதில்லை. தாஸிம் இடது காலைத்தான் முதலில் வைப்பார் என்பதும், குதிகாலை நிலத்தில் ஊன்றவே மாட்டார் என்பதும் அவருக்குப் பாடம்.

தாஸிமுக்கு அவரைத் தெரியாது. ஒரு தடவை, "தம்பி, இதக் கொஞ்சம் புடிங்கொ" என்று தன் செருப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுக் களத்தில் இறங்கினார். வரதராசா ஒன்றரை மணி நேரம் அந்தச் செருப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த கிழமை வரதராசா பார்த்துச் சிரித்தபோது, யாரோ எவரோ என்று தாஸிம் தாண்டிப் போனார்.

பிறகு, முந்தின கார்த்திகையில், தாஸிம் நெருப்புக் காய்ச்சலில் ஒன்பது நாளில் போய்விட்டார். வரதராசா வேலைக்கு லீவு போட்டு அறைக்குள் கிடந்தார்.

குண்டு விழுந்த பிறகுதான் கதை கிளம்பியது. தாஸிம் திரிகிறார் என்று.

முதலில் சொன்னவன் றேமண்ட். டிராம் கண்டக்டர். "எனக்குச் சிலம்பமும் தெரியாது ஒண்டும் தெரியாது," என்றான். "வேலை முடிஞ்சு வாறன். பின்னால விர்ர் எண்டு ஒரு சத்தம். கற்பூரமும் நல்லெண்ணெயும் கலந்த ஒரு மணம். திரும்பினா, சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு தாஸிம் நிக்கிறார். என்னைப் பாத்துத் தலையாட்டினார்."

"தலையாட்டினவரோ?" என்று வரதராசா கேட்டார்.

"ஓம். நானும் ஆட்டினன்."

அன்றிரவு வரதராசாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் ஆட்டம்கூடப் பார்க்காதவன். இவனுக்குத் தலையாட்டினாராம். அடுத்த கிழமை சலூன் ராமையா கண்டான். அதற்கடுத்த கிழமை மட்டக்குளி மீன்காரி ஒருத்தி கண்டு, கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். வரதராசா மட்டும் காணவில்லை. வேலை விட்டதும் ரயில் ஏறி வீட்டுக்குப் போகாமல், கொட்டாஞ்சேனைச் சந்து ஒழுங்கைகளில் இரண்டு மாதம் நடந்தார். நாய் குரைக்கும். எங்கோ குழந்தை அழும். அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் ஜாபிரைப் பற்றிய பேச்சு அவர் காதில் விழுந்தது.

ஜாபிருக்குப் புறக்கோட்டை அரிசிக் கிட்டங்கியில் வேலை. தாஸிமோடு கடைசியாகக் கம்பு பிடித்தவன் அவன்தான். அந்த ஆட்டம் முடியவில்லை. பாதியில் மழை கொட்டியது. "மிச்சத்த வாற வியாழன் பாப்பம், ஜாபிர்" என்று சொல்லிவிட்டுப் போன தாஸிம், செவ்வாய்க்கிழமை காய்ச்சலில் விழுந்தார்.

வரதராசா அவன் வீட்டுக்குப் போனபோது ஜாபிர் முற்றத்தில் குந்தியிருந்தான். உரலைப் போல இருந்த ஆள், உலக்கையாய்ப் போயிருந்தான். சட்டையைக் கழற்றிக் காட்டினான். தோளிலும் முன்கையிலும் கம்பு பட்டுக் கன்றிய தடங்கள். சிலது பழுத்து மஞ்சளாகியிருந்தது. சிலது இன்னும் நீலம்.

"வியாழன் வியாழன் வாராரு," என்றான். "ஏழரைக்கு. பள்ளிவாசல் லெப்பை ஓதிப் பாத்தாரு. ஜின் எண்டாரு. ஜின்னுக்கு அந்தக் கையடி எங்க தெரியும்?"

"நீங்கள் தோத்துவிடுங்கோவன்."

"எத்தின தரம் தோக்கிற? கம்பக் கீழ போட்டாலும் விடுறாரில்ல. எழும்பு ஜாபிர், எழும்பு ஜாபிர் எண்டு…"

"பேர் சொல்லியோ கூப்பிடுறவர்?"

ஜாபிர் நிமிர்ந்து பார்த்தான். வரதராசாவின் கண் அந்தத் தடங்களை விட்டு நகரவில்லை. சிவபாலனின் அம்மாவிடம் ஜாபிர் பின்னாளில் சொன்னது இது: "பசியில இரிக்கிறவன் அடுத்தவன்ட சோத்துக் கோப்பையப் பாக்கிற மாதிரிப் பாத்தாரு."

உண்மைதான். வரதராசாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. தாஸிமின் கம்பு. தாஸிமின் கை. ஒவ்வொரு வியாழனும். இந்த மனுசன் அதைப் போய்த் தண்டனை என்கிறான்.

"அஸீஸாவையும் புள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பேருவளைக்குப் போறன்," என்றான் ஜாபிர். "அங்கயும் வந்தாருண்டா நான் மௌத்துதான்."

"வரமாட்டார். நான் இஞ்சை இருக்கிறன். வீட்டுத் திறப்பைத் தாங்கோ."

"ஒங்களுக்கென்ன பைத்தியமா?"

"தாங்கோ."

ஜாபிர் சாவியைக் கொடுத்துவிட்டான். உயிருக்குப் பயந்தவன், வேறென்ன செய்வான்? கம்பு மூலையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

முதல் வியாழன். வரதராசா கிணற்றில் தோய்ந்து, புதுச் சாரம் உடுத்து, முற்றத்து மணலைக் கூட்டிச் சமப்படுத்திவிட்டு, நடுவில் நின்றார். கையில் கம்பு. மேலே அரைநிலவு. என்ன சொல்வதென்று மாதக்கணக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

ஏழரை…

பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டேயிருந்தது. குரைப்பு பாதியில் நின்றது. வாசல் படலை திறக்கவில்லை. கொளுக்கி அசையவில்லை. மணம்தான் முதலில் வந்தது. கற்பூரம். நல்லெண்ணெய். அதற்கடியில் ஈரமண். பிறகு கிணற்றடியில், மெதுவாக… விர்ர்… விர்ர்ர்…

ஆளைக் காணவில்லை. மணலில் ஓர் அடி பதிந்தது. இடது கால். விரல்கள் மட்டும். குதிகால் இல்லை. பிறகு வலது. பிறகு இடது. மூன்று முழத்துக்குக் கிட்ட வந்து நின்றது.

"ஜாபிர்?"

அதே குரல். வரதராசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஐயா, நான் வரதராசா," என்றார். "வெள்ளவத்தையில இருக்கிறனான். உங்கட ஆட்டம் ஒண்டும் நான்…"

கம்புச் சத்தம் நின்றது. மணலில் அடிகள் திரும்பின. இடது. வலது. படலையை நோக்கி, அவசரமில்லாமல், பிழையான வீட்டுக்கு வந்தவர் போகிற மாதிரி. மணமும் குறைந்துகொண்டே போனது.

செத்த பிறகும் அவருக்கு ஜாபிர்தான் வேண்டும். ஆறு வருஷம் மதிலோரம் நின்றவன் வேண்டாம்.

அந்த நேரத்தில் வரதராசாவின் வாயிலிருந்து வந்தது அவருடைய பேச்சே இல்லை, அண்ணனை 'நானா' என்கிற ஜாபிரின் பேச்சு. "எங்க நானா போறீங்க? நான் ஜாபிர்தான். சும்மா வெளாட்டுக்குச் சொன்ன."

அடிகள் நின்றன.

திரும்பின.

முதல் அடி இடது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடைந்தது அவருக்கே கேட்டது. முழங்காலில் விழுந்தார். காதருகே குரல் சொன்னது, "எழும்பு, ஜாபிர்." எழும்பினார். அந்த வீட்டிலிருந்து அன்று சிரிப்புச் சத்தம் கேட்டதென்று அக்கம்பக்கம் சொன்னது. விடிய விடியச் சிரித்தாராம்.

அதற்குப் பிறகு அவர் கந்தோர் வேலைக்குப் போகவில்லை. வெள்ளவத்தை அறைக்குப் போய்த் தன் சாமானை எடுக்கவுமில்லை. ஒருநாள் றேமண்ட் சந்தையில் கண்டு, "என்ன வரதராசா, ஆளே மெலிஞ்சிட்டீர்" என்று தோளைத் தொட்டானாம். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஊரிலிருந்து சிவபாலனின் அம்மா விலாசம் விசாரித்து அந்த வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வந்தன. உறை மேலே, அவருடைய சொந்தக் கையெழுத்தில், 'அப்படி ஒருவர் இங்கு இல்லை.'

ஜப்பான் சண்டை முடிந்தது. சனம் திரும்பிக் கொழும்புக்கு வந்தது. ஜாபிரும் மனைவி அஸீஸாவோடும் பிள்ளைகளோடும் வந்தான். பேருவளைக் காற்றில் நன்றாகத் தேறியிருந்தான். மூன்று வருஷமாக ஒரு வியாழனும் அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பஸ் பிந்தியதால் வீட்டு வாசலுக்கு வரும்போது இருட்டிவிட்டது. கிழமை என்னவென்று அவன் யோசிக்கவில்லை.

தட்டினான். கதவு ஒரு சாண் திறந்தது.

வரதராசா நின்றார். எலும்பும் தோலும். மூக்கு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஜாபிரைக் கண்டதும் அந்த முகத்தில் வந்தது பயமில்லை, சந்தோஷமுமில்லை. கட்டினவளைத் தேடி அவளுடைய பழைய மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றால் ஒருவன் எப்படிப் பார்ப்பான்… அந்தப் பார்வை.

"நான்தான்," என்றான் ஜாபிர். "நாங்க வந்திட்டம்."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ் விழுந்தது.

அதுவரை முற்றத்துப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சத்தம் அப்போது நின்றது. அது நின்ற பிறகுதான், அது கேட்டுக்கொண்டிருந்ததே ஜாபிருக்குத் தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாஸிமின் குரல் வந்தது.

"ஜாபிர், யாரு அது?"

தன் பெயரைக் கேட்டதும் ஜாபிருக்கு வாய் தானாகத் திறந்தது. அஸீஸா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

உள்ளே இன்னொரு குரல் பதில் சொன்னது. ஜாபிரின் குரல். அவனுடையதேதான், அச்சு அசலாக.

"யாருமில்ல நானா. வரதராசா எண்டு ஒத்தன். சும்மா ஆட்டம் பாக்க வாறவன்."