சனிக்கிழமைதோறும் மடித்த போர்வை

வீரய்யா: ...மாரியாத்தா மேல சத்தியமா சொல்றேன், அம்மாக்கண்ணு. ஒரு சொல்லுகூடப் பொய் இல்ல. மக பிரசவத்துக்குன்னு நீ கொழும்புக்குப் போன இந்த நாலு மாசமும், சனிக்கிழமை தவறாம உன் போர்வைய வெளிய எடுத்து, காத்தாட விட்டு, மடிப்ப மாத்தித்தான் வச்சேன்.

அம்மாக்கண்ணு: நான் போர்வைப் பெட்டிச் சாவி எங்கன்னுதானே கேட்டேன்?

வீரய்யா: அதுக்குத்தான் வர்றேன்...

அம்மாக்கண்ணு: வாங்க வாங்க. பேரப்புள்ளைக்குன்னு ரெண்டு வருசமா துண்டு துணியச் சேத்துச் சேத்துத் தச்சது. அதுல மட்டும் பூஞ்சணம் புடிச்சிருந்துச்சுன்னா, உங்களோட பேச்சே கெடையாது.

வீரய்யா: பூஞ்சணமா! மொத வாரம் ஒரே மூடுபனி. கொடிக்கயிறுன்னு நெனச்சு, போர்வையப் பனி மேலயே போட்டுட்டேன். பத்து மணிக்குப் பனி கலைஞ்சப்பதான் கீழ விழுந்துச்சு.

அம்மாக்கண்ணு: அடப்பாவமே. அடி பட்டுச்சா?

வீரய்யா: சிரிக்காத புள்ள. அடுத்த வாரம் காத்து தூக்கிட்டுப் போயி நோட்டன் பிரிட்ஜ் டவுன்ல போட்டுருச்சு. பஸ்காரன் சீட்டுல ஒக்கார வச்சுக் கொண்டாந்தான். அரை டிக்கெட்டு.

அம்மாக்கண்ணு: அதென்ன அரை?

வீரய்யா: ரெண்டா மடிச்சுத்தானே இருந்துச்சு.

அம்மாக்கண்ணு: ம்... மடிப்ப மாத்துனீங்கல்ல? ஒரே மடிப்புல கெடந்தா அந்த எடத்துல நூல் விட்டுரும்.

வீரய்யா: நான் எங்க மாத்துறது? மூணாவது வாரம் சிறுத்தை வந்து அது மேல படுத்துருச்சு. அசந்து தூங்குது, எழுப்ப மனசு வரல. அது எந்திரிச்சுப் போனப்புறம் பாத்தா... புது மடிப்பு.

அம்மாக்கண்ணு: சிறுத்தை மடிச்சுச்சா?

வீரய்யா: ஓரம் ஓரத்தோட சேந்து நின்னுச்சு. நீகூட அப்படி மடிக்கமாட்ட.

அம்மாக்கண்ணு: சரி. வெள்ளை வேட்டியில சுத்தித்தானே உள்ள வச்சீங்க? உர பேக்குல இல்லையே? அதுல வச்சா வேர்த்துரும்.

வீரய்யா: வேட்டிதான். தேயிலை பேக்டரில முப்பது வருசம் கொழுந்து வாட்டுனவனுக்கு ஈரத்தப் பத்திப் பாடம் எடுக்காத.

அம்மாக்கண்ணு: அப்ப சாவியக் குடுங்க. நாளைக்கு நம்ம மக சுலக்ஷனா புள்ளையோட ஹட்டன்ல வந்து எறங்குறா.

வீரய்யா: இப்பவா? வெளிய பனி... உள்ள போயிரும்...

அம்மாக்கண்ணு: கதவு சாத்தித்தான் இருக்கு. சாவி.

வீரய்யா: அது... மொத வாரமே தொலைஞ்சுருச்சு.

அம்மாக்கண்ணு: ஓ... அப்ப சிறுத்தை?

வீரய்யா: சிறுத்தையே வரல. நாலு மாசமா அந்தப் பெட்டியத் தொறக்கவே இல்ல, புள்ள. மழை வேற விடாம அடிச்சுச்சு. உள்ள அது என்ன கதியில கெடக்கோ... ராவெல்லாம் எனக்குத் தூக்கம் இல்ல. பூட்ட ஒடைச்சுரவா?

அம்மாக்கண்ணு: வேணாங்க, பூட்டு பாவம். பெட்டி காலி. கொழும்புக்குப் போன அன்னைக்கே போர்வைய என் பையில வச்சுக் கொண்டு போயிட்டேன். பேத்தி பொறந்ததுலருந்து அதுலதான் தூங்குறா.