ஒச்சம்மாளின் கடைசிக் காட்சி

எறும்புகள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது சார். சீனி கிடக்கிற இடத்துக்கு அவை வரத்தான் செய்யும். முகேஷின் கீபோர்டைத் தட்டினால் நாலைந்து விழும். அவன் புறங்கையால் அவற்றைத் தள்ளிவிட்டு, அதே கையில் ஒட்டியிருந்த குளுக்கோஸை நக்கிக்கொள்வான். ஆறு வருஷம் அதற்கு எதிரில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன்.

எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என் பெயர் பெனடிக்ட். மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து வேலையை விட்டவன். முகேஷ் வாடிப்பட்டிக்காரன், கம்ப்யூட்டர் படித்தவன். கோரிப்பாளையத்தில் ஒரு பேட்டரிக் கடையின் மாடியில் அறை எடுத்து, இரண்டு பேருமாக ஒரு வீடியோ கேம் செய்தோம். கதை என்னுடையது, மற்றதெல்லாம் அவனுடையது. கண்மாய்க் கரையைக் காவல் காக்கும் ஒச்சம்மாள்தான் அதில் நாயகி.

தகராறு கடைசிக் காட்சியில்தான் வந்தது. கரை உடைகிறது. என் முடிவில் ஒச்சம்மாள் உடைப்பில் தானே விழுந்து அடைத்துச் சாகிறாள், ஊர் பிழைக்கிறது. இரண்டாம் பாகத்தில் அவள் மகள் மண்வெட்டியை எடுக்கிறாள். முகேஷின் முடிவில் வெள்ளம் புரண்டு வருகிறது, திரை இருட்டுகிறது, தண்ணீருக்கு மேல் ஒரு கை மட்டும் தெரிகிறது.

"செத்தாளா இருக்காளான்னு அம்புட்டுப் பேரும் மண்டையப் பிச்சுக்கிருவாய்ங்க மாப்ள. அடுத்த பாகம் எப்பன்னு நம்மளத் தேடி வந்து அடிப்பாய்ங்க பாரு."

இதைச் சொல்லும்போது அவன் வாயோரத்தில் மிட்டாய் எச்சில் வடிந்து கொண்டிருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒருத்தியை முழுசாகச் சாகக்கூட விடாமல், நாய்க்கு எலும்பைக் காட்டுவதுபோலக் காட்டிக் காட்டி ஊரை இழுப்பது எவ்வளவு அசிங்கம்? செத்தவள் செத்தவளாக இருந்தால்தான் அடுத்தவளுக்கு ஒரு கதை உண்டு. எட்டு மாதம் இதைப் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

கேமை வெளியிட ஒப்புக்கொண்ட பெங்களூர் கம்பெனி, மூன்று பாகத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு முடிவை, இரண்டு பேர் சம்மதத்தோடும் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் மறுத்தாலும் மூன்று பாகமும் கிடையாது.

முகேஷுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்வான். போட்ட பிறகு சாப்பிடத் தாமதமானால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். மேஜை முழுக்க குளுக்கோஸும் ஆரஞ்சு மிட்டாயும் கிடந்தது அதற்காகத்தான். அவன் தங்கை சுபலட்சுமி என்னை ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, வேர்த்தால் என்ன செய்வது, நாக்குக் குழறினால் என்ன செய்வது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். "அவன் சொன்ன பேச்சு கேக்க மாட்டான். நீங்கதேன்ணே பாத்துக்கிறணும்" என்றாள். நல்ல பெண். நான் ஒன்றையும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சீக்கிரம் வந்து அறையைச் சுத்தம் செய்தேன். மேஜையை டெட்டால் விட்டுத் துடைத்தேன். குளுக்கோஸ் டப்பா, மிட்டாய், ஃபிரிட்ஜில் இருந்த ஜூஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் சீனி நாற்றம் இல்லை. மனதுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஒன்றரை மணிக்கு, "பிரியாணி வாங்கியாந்திருக்கேன் மாப்ள, ஊசியப் போட்டுக்க" என்றேன். போட்டுக்கொண்டான். நான் எதுவும் வாங்கி வரவில்லை. கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைசிக் காட்சியைப் பேசலாம் என்று எதிரில் உட்கார்ந்தேன். முதலில் விளையாட்டென்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் நெற்றி வேர்த்தது. டிராயரை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"டப்பா எங்கடா?"

"தாரேன். என் முடிவுதான்னு சொல்லு."

"அப்புறம் பேசுவோம்டா. கண்ணு இருட்டுது."

அவன் போனை நான்தான் எடுத்து வைத்திருந்தேன். எழுந்து கதவு வரை போனான், பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான். எதைக் கேட்டாலும் நாக்குக் குழறியது. அந்த நிலையிலும் "கை... கை மட்டும்" என்றான். சாகும் நேரத்திலும் ஆளை இழுத்துக் கட்டுகிற புத்தி போகவில்லையே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. ஒச்சம்மாள் ஏன் சாக வேண்டும் என்பதை முதலிலிருந்து இன்னொரு முறை விளக்கினேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு பேரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டோம் என்று மூன்று பத்துக்கு மெயில் அனுப்பினேன். ஆம்புலன்ஸுக்கு ஐந்தரைக்குச் சொன்னேன். இரண்டு நேரமும் என் போனிலேயே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அவன் செத்ததற்கு நான்தான் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் சம்மதம் இல்லாமல் மெயில் அனுப்பினேன் என்று சுபலட்சுமி சொல்வதாகக் கேள்விப்பட்டேன். அதைத் தாங்க முடியவில்லை சார். நான் அப்படிப்பட்டவன் இல்லை. மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது முகேஷ் தலையை மெல்ல முன்னால் சாய்த்தான், அதற்குப் பிறகு நிமிர்த்தவே இல்லை. ஒரு மனிதன் இதைவிடத் தெளிவாக எப்படிச் சரி என்று சொல்வான்?