கிராம்பு மணக்கும் குப்பி

“அதையும் கொன்னுடாதீங்க. ஒரு தடவை கொன்னது போதும்.”

அண்ணி போட்ட சத்தம் தெருவரை கேட்டதாம். என் நண்பனுடைய அண்ணன் வீட்டில் நடந்தது இது. ராத்திரி பதினொன்றரை இருக்கும். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பிவிட்டார். ஈ காக்கை இல்லாத ரோடு...

அவர் பார்ப்பது கிருமி வளர்க்கிற வேலை. பூவே இல்லாமல் ரோஜா வாசனை எண்ணெய் சுரக்கிற மாதிரி மாற்றிய பாக்டீரியா. பெரிய தொட்டியில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பார்கள். நன்றாகச் சுரந்த தொட்டியிலிருந்து ஒரு குப்பி எடுத்து உறைய வைப்பார்கள். அடுத்த தொட்டிக்கு அதுதான் விதை.

அண்ணியின் தம்பிக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். பல்வலிக்காரன், எந்நேரமும் வாயில் கிராம்பு. “மாமா, உங்க ரோஜா என் கிராம்புகிட்ட நிக்குமா?” என்று வம்பிழுப்பான்.

தொட்டி மேலே கெட்ட காற்று சேர்ந்தால் கத்துவதற்கு ஓர் அலாரம் உண்டு. சும்மா சும்மா கத்துகிறதே என்று அண்ணன்தான் வயரை அறுத்துவிட்டார். அன்றைக்கு நுரை பார்க்க மூடியைத் திறந்து குனிந்தான் தம்பி... மயங்கி உள்ளே விழுந்தான். ‘தொப்’பென்று ஒரே சத்தம். வெளியே தூக்கியபோது உயிர் இல்லை.

அந்தத் தொட்டியில் இருந்த கிருமியை நீராவி விட்டு அழித்திருக்க வேண்டும். ஆனால் அதில் சுரந்த அளவு எதிலும் சுரந்ததில்லை. மேனேஜர் விதை கேட்டார். அண்ணன் எடுத்துக் கொடுத்தார். அலாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த எண்ணெயில் செய்த சோப்பு வீட்டுக்கு வந்தது. அண்ணி மோந்து பார்த்தார். “என் தம்பி வாசம்ங்க இது.” சோதனை மெஷினில் ரோஜா மட்டும்தான் காட்டுகிறது. அண்ணிக்குக் கிராம்பு. அண்ணனுக்கும் கிராம்பு... அன்று ராத்திரிதான் அவர் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், விதையை அழிக்கிறேன் என்றும் சொன்னார். அதற்குத்தான் அந்தச் சண்டை.

ஆலையில் யாரும் இல்லை. ஃப்ரீசரைத் திறந்து குப்பியை எடுத்தார். உறைந்து கிடக்க வேண்டியது... உள்ளங்கையில் வெதுவெதுவென்று இருந்தது. நீராவிப் பெட்டியில் வைக்கக் கையை நீட்டினார்.

அலாரம் கத்தியது.

நிமிர்ந்து பார்த்தார். அறுத்த வயர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

குப்பியோடு ஓடி வந்துவிட்டார். இப்போது அது அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. திறந்தாலே கிராம்பு வாசம். அண்ணி அதன் பக்கத்தில்தான் படுக்கிறார்.

அழிக்கலாமா, விட்டு வைக்கலாமா? தெரிந்தவர்கள் கீழே பதில் போடுங்கள். அண்ணன் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்.