எனக்குச் சரியாக வந்த விடை

பத்தில் ஒன்று என்ற எண்ணைக் கணினியால் முழுதாக எழுத முடியாது. ஒன்றை மூன்றால் வகுத்தால் நமக்கு மூன்று மூன்றாக முடிவில்லாமல் வருகிறதல்லவா, கணினிக்குப் பத்தில் ஒன்று அப்படி. இடம் தீர்ந்ததும் எண்ணின் வாலை வெட்டிவிட்டு மேலே போகும். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடும். பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் ஆய்வு மாணவி அப்படியில்லை. "வெட்டின வாலெல்லாம் ஒண்ணா சேந்தா என்ன ஆகும் சார்?" என்று முதல் நாளே கேட்டாள். பலகை நிரம்பும்வரை விளக்கினேன். அதற்குப் பிறகு துறையில் அவளைத் தேடுகிறவர்கள் நேரே என் அறைக்கே வருவார்கள்.

போகப் போக அவள் வருவது குறைந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளம் எந்தத் தெருவரை ஏறும் என்று முன்கூட்டியே கணக்கிடும் கணினி நிரல் அவளுடையது. அது ஒழுங்காக ஓடியது. கேட்க எதுவும் மிச்சமில்லை. "ஆய்வேடு எழுத உக்காரலாமா சார்?" என்றாள். உட்காரச் சொன்னேன்.

எங்கள் துறையில் எல்லோருடைய நிரலும் ஒரே பெரிய கணினியில்தான் ஓடும். அதில் எதையும் மாற்றும் அனுமதி என்னிடம் இருந்தது. கோப்பிலிருந்து எண்களைப் படித்துத் தரும் சிறு நிரல் ஒன்று அங்கே எல்லோருக்கும் பொது. அதில் சில வரிகள் சேர்த்தேன். கேட்பது அவள் பெயரில் ஓடும் நிரலாக இருந்தால் மட்டும், எப்போதாவது, ஒரே ஒரு எண்ணைச் சற்று நகர்த்தித் தரும். கோப்பைத் திறந்து பார்த்தால் எண்கள் அப்படியே இருக்கும். சுத்தமான வேலை.

அவள் வந்தாள். "அதே நிரல், அதே எண்கள். காலைல ஒரு விடை, மத்தியானம் ஒரு விடை. எப்படி சார்?" ஓட்டும்போதெல்லாம் ஒரே விடை வராவிட்டால் ஆய்வேட்டை யாரும் ஏற்க மாட்டார்கள், அவளுக்கும் அது தெரியும். என்னென்ன காரணம் இருக்கலாம் என்று விளக்கினேன். சோதித்துப் பார்த்து, அது இல்லை என்று வருவாள். அடுத்ததைச் சொல்வேன். நல்ல மாதங்கள் அவை.

கடைசியில், "என் கண்ணையே என்னால நம்ப முடியல. நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாருங்க சார்" என்றாள். என் பெயரில் ஓட்டினேன். திரும்பத் திரும்ப ஓட்டினேன்.

"எனக்குச் சரியாத்தானேம்மா வருது" என்றேன்.

அது பொய்யில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அவள் வரவில்லை. தையற்கடை வைத்திருக்கும் அவள் அப்பா வந்தார். "அடுப்ப அணைச்சிட்டு, 'அணைச்சேனாப்பா?'ன்னு கேக்குறா சார். ஆமாங்குறேன். போய்ப் பாத்துட்டு வந்து மறுபடியும் கேக்குறா. ரோட்டத் தாண்டணும்னா வண்டி வரலன்னு நான் சொல்லணும். படிச்ச பொண்ணு சார்." ரொம்ப நாள் பதற்றத்தில் இருந்தால் மூளை எப்படித் தடுமாறும் என்று அவருக்குப் படம் போட்டு விளக்கினேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போனார்.

அவர் போனதும் அந்த வரிகளை எடுத்துவிட்டேன். அச்செடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், எந்த வரி என்ன செய்தது என்று விரலை வைத்துக் காட்டினேன். கடைசி வரிவரை கேட்டுக்கொண்டாள்.

"நான் மனசு ஒடைஞ்சிடக் கூடாதுன்னு பழிய நீங்க உங்க மேல தூக்கிப் போட்டுக்கறீங்க. வேணாம் சார். தப்பு என்னோடதுதான்."

"இப்படி ஒரு வாத்தியார் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று அவள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் கொடுக்கும் தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன், வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். உங்களில் யாரும் போய் அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். வாரந்தோறும் நானே போய் முதல் வரியிலிருந்து விளக்கி வருகிறேன். அவளுக்குப் புரியும்வரை விளக்க எனக்குப் பொறுமை இருக்கிறது. போன வாரம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டாள்.