பூவில் ஸ்பிரிட் வாடை

பல்செட்டு செய்கிறவன் வீட்டில் இத்தனை பூச்செடி எதற்கு என்று அளவு கொடுக்க வருகிறவர்கள் கேட்பதுண்டு, டாக்டர். செடியெல்லாம் மகளுடையது, பல் மட்டும்தான் என்னுடையது என்பேன். சிரிப்பார்கள். பல் இல்லாத வாய் சிரித்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டீர்கள். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம், சில மாதங்கள் அங்கேயே இருக்கட்டும் என்கிறீர்கள். நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லவேண்டியிருக்கிறது.

எங்களுடையது மாடி வீடு. நடு அறையில் என் மேசை. மெழுகு, பிளாஸ்டர், ஸ்பிரிட் விளக்கு எல்லாம் அதன்மேல்தான். பின்னால் இருக்கும் பால்கனிக்குப் போகவேண்டுமென்றாலும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும், வாசலுக்குப் போகவேண்டுமென்றாலும் அப்படித்தான். அவள் அம்மா போனபின் நாங்கள் இருவர் மட்டும்தான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போவாள், வருவாள், செடியோடு பேசுவாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவளிடம் இரண்டு செம்பருத்திகள் இருந்தன. ஒன்று மஞ்சள், தட்டு மாதிரி விரியும். மற்றது சிவப்பு, இதழெல்லாம் கத்தரித்துவிட்டது போலக் கிழிந்து, நீளக் காம்பில் தலைகீழாகத் தொங்கும். ஒன்றுவிட்ட அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து, மஞ்சளில் ஒரு தொங்கும் பூ கொண்டுவரவேண்டும் என்பது அவள் ஆசை. காலையில் மஞ்சள் மொட்டு முழுதாக விரிவதற்குள் அதன் மகரந்தப் பைகளை என் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுவாள். நான் பல்லுக்குச் சாயம் தீட்டும் பிரஷ்ஷில் சிவப்புப் பூவின் மகரந்தத்தை எடுத்து, மஞ்சள் பூவின் நுனியில் இருக்கும் ஐந்து வெல்வெட் பொட்டுகளிலும் தடவுவாள். அடையாளத்துக்குக் காம்பில் நீல நூல் கட்டுவாள். மகரந்தம் ஏறியிருந்தால் பூ வாடிய பிறகு காய் பிடிக்கும். இல்லாவிட்டால் காம்போடு உதிர்ந்துவிடும். கை நடுக்கமே இருக்காது அவளுக்கு. அது என்னிடமிருந்து போனது.

இதுவரை நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் வெகு தூரத்தில் ஒரு நர்சரிக்காரர் இருந்தார். அப்படி ஒரு செடியை வளர்த்துத் தொட்டியோடு கொண்டுவந்து காட்டினால் வேலையும் தங்க ஓர் அறையும் தருவதாக அவளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் வாக்கியங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பித்தன.

"அங்க போனதும் செடி வளக்குற கண்ணாடி வீட்டுக்குள்ளயே கட்டிலப் போட்டுக்குவேன்பா. அங்க குளிராமே, ஸ்வெட்டர் வாங்கணும்."

"அப்போ நான்?" என்றேன்.

"நீங்களும் வாங்கப்பா. பல்லு விழாத ஊருன்னு ஏதாவது இருக்கா என்ன?"

மரியாதைக்குச் சொல்கிறாள் என்பது எனக்குப் புரியாதா? மனதில் இருப்பது வேறு. பெற்றவனுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது, டாக்டர். இதற்கு அலங்காரமான வார்த்தை எதுவும் இல்லை. சாயங்காலம் செருப்புச் சத்தம் படியேறி வராத ஒரு வீட்டை நினைத்துப் பார்த்தேன்.

ஒருநாள் அவள் கடைக்குப் போனதும் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அந்த ஐந்து பொட்டுகளையும் துடைத்துவிட்டேன். பல் பதிக்கும் முன் மெழுகுப் பிசுக்கைத் துடைப்போமே, அவ்வளவுதான். பூவுக்கு ஒரு கீறல் இல்லை. நான் பூவைப் பறிக்கிற ஆள் கிடையாது, எனக்கு அது பிடிக்காது. இரண்டு நாளில் நீல நூலோடு பூ கீழே கிடந்தது. அவள் முகம் தொங்கிப்போயிற்று. அன்று தேநீர் நான்தான் போட்டுக் கொடுத்தேன். "விடும்மா, அடுத்த பூ இருக்குல்ல" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அதன்பிறகு நீல நூலைக் கண்டால் என் கை சும்மா இருக்கவில்லை. மழை வந்து போயிற்று, வெயில் வந்து போயிற்று, ஒரு காயும் பிடிக்கவில்லை. "என் கை ராசியில்லாத கைப்பா" என்றாள் ஒருமுறை. எனக்கு நெஞ்சு வலித்தது. பொய் சொல்லவில்லை, உண்மையாகவே வலித்தது. ராசியெல்லாம் நம்பாதே என்று திட்டினேன்.

பிறகு ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரமே வந்து, பூவை முகர்ந்து பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, பூவுல ஸ்பிரிட் வாட வருது."

"வீடு பூரா அந்த வாடதானேம்மா. உன் சட்டையிலகூட வரும்."

"இல்லப்பா. யாரோ உள்ள வர்றாங்க."

அவளுக்கு வேறு யாரும் தோன்றவில்லை, பாருங்கள். அவ்வளவு பாசம். புதுப் பூட்டு வாங்கி வந்து, ஒரு சாவியை என் கையிலேயே கொடுத்தாள். பத்திரமாக வைத்துக்கொண்டேன். யாராவது நுழைந்தால் தெரியட்டும் என்று வாசல் நிலையில் குறுக்கே ஒற்றை நூல் கட்டிவிட்டுப் போவாள். வந்து பார்த்தால் நூல் அறுந்திருக்காது, பூ மட்டும் உதிரும். யாருக்கும் குழம்பத்தான் செய்யும். கடைசியில் வேலையையே விட்டுவிட்டுப் பால்கனியில் நாற்காலி போட்டுக் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்துவிட்டாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. அப்போதுதான் உங்களிடம் அழைத்துவந்தேன். ஒரு தகப்பன் செய்யவேண்டியதைச் செய்யவேண்டாமா?

நீங்கள் கொடுத்த மாத்திரை நல்ல மாத்திரை. வெயில் ஏறும்வரை தூங்குவாள். ஆனால் காவல் இருந்த நாட்களில் ஒரு பூ என் கைக்குத் தப்பிவிட்டிருந்தது. இலைக்கு அடியில் காய் பிடித்து, பச்சையாக, சுண்டுவிரல் நுனி அளவுக்கு உருண்டுவிட்டது. அதைப் பார்த்த அன்று அவள் அழுதாள், சிரித்தாள், நர்சரிக்காரருக்குப் போன் போட்டாள். "ஒண்ணு நின்னுடுச்சுப்பா! அப்பா, ஒண்ணு நின்னுடுச்சு!" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நானும் சந்தோஷப்பட்டேன். அவள் சந்தோஷத்தில் எனக்குப் பங்கு இல்லையா?

மறுநாள் காலை, அவள் எழுவதற்கு முன், மெழுகு வெட்டும் கத்தியைச் சூடாக்கி அந்தக் காம்பில் ஒரே ஒரு முறை வைத்து எடுத்தேன். காயைத் தொடவில்லை. அது தானாகத்தான் விழுந்தது.

அவள் அந்தக் காம்பைத் தாளில் பொதிந்து போன வாரம் உங்களிடம் கொண்டுவந்தாள். "சுட்ட தழும்பு இருக்கு பாருங்க டாக்டர்" என்று கெஞ்சினாள். நீங்கள் காம்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். நான் வருத்தத்தோடு தலையை ஆட்டினேன். நீங்களும் ஆட்டினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை.

ஆனால் இன்றைக்கு ஆஸ்பத்திரி என்கிறீர்கள். தனி வார்டு, வெளியாட்கள் பார்க்கமுடியாது என்கிறீர்கள். அவள் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்றுதானே நான் இத்தனையும் செய்தேன்? அதனால்தான் உள்ளதைச் சொல்கிறேன். அவளுக்கு மூளையில் ஒரு கோளாறும் இல்லை. வாடை உண்மை, தழும்பு உண்மை, வீட்டுக்குள் ஆள் இருந்ததும் உண்மை. சேர்க்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. எழுதியதை அடித்துவிடுங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன். மாத்திரை மட்டும் இருக்கட்டும், அதைப் போட்டால் அமைதியாக இருக்கிறாள்.

இன்னும் ஒன்றே ஒன்று, டாக்டர். இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம், இந்த உலகத்தில் நம்புவதற்கு அவளுக்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.