எது உச்சிங்கிற சண்டை

இல்ல மேடம், அதான் சொல்றேன், அந்த மலையில பாதையே கிடையாது. பழைய ஃபைல்ல பாதை தவறிப் போனார்னு எழுதி வச்சிருக்காங்க பாருங்க, அதுவே தப்பு. தவறுறதுக்கு முதல்ல பாதைன்னு ஒண்ணு இருக்கணும்ல. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. தையல் மெஷின் ரிப்பேர் கடை, எங்க தொட்டாலும் எண்ணெய்தான். துணியக் கொஞ்சம் பாத்துக்கங்க.

ஏழு வருஷம் முடிஞ்சா விசாரணைக்கு ஆள் வருவாங்கன்னு வக்கீல் சொல்லியிருந்தாரு. ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லன்னா செத்துட்டதா எழுதிக்கலாமாம். தங்கச்சிதான் மனு போட்டா. அவ என்ன செய்வா? வீடு அவர் பேர்ல இருக்கு. எந்த ஆபீஸுக்குப் போனாலும் புருஷன் கையெழுத்து எங்கன்னு கேக்குறாங்க. காணாமப் போயிட்டாருன்னு எத்தன ஜன்னல்ல நின்னு சொல்லுவா.

ஆமா, தங்கச்சி புருஷன். எனக்கு மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக்கு. வாரம் பூரா பன்னெண்டு மாடிக் கட்டடத்துல, லிஃப்ட் போற குழிக்குள்ள தொங்கிக்கிட்டு வேலை. வெளிச்சமே பாக்க மாட்டாரு. அதனால லீவு கிடைச்சா மலைதான். அதுலயும் ஆளுங்க போற மலை ஆகாது. படி ஏறிப் போறதுக்கு என் லிஃப்டே போதுமே மச்சான்னு சிரிப்பாரு.

அவரு காணாமப் போன இந்த மலைக்கு யாரும் போறதில்ல. மூணு பக்கமும் மூங்கிலும் முள்ளும். நாங்க ரெண்டு பேரும் விடிஞ்சதும் ஏற ஆரம்பிச்சோம். அவரு திசைகாட்டியும் அரிவாளும் வச்சுக்கிட்டு முன்னாடி. நான் பின்னாடி, கடையில மிச்சம் விழுற சிவப்புத் துணியக் கிழிச்சு கிளைக்குக் கிளை கட்டிக்கிட்டே போனேன், திரும்பி வர்றதுக்கு அடையாளமா. உள்ள போயிட்டா அஞ்சடி முன்னாடி போறவரு முதுகு தெரியாது மேடம். விழுந்து கிடக்குற மரத்து மேல பச்சையா பாசி, பாக்க மெத்த மாதிரி இருக்கும். கால வச்சா உள்ள எல்லாம் இத்துப் போயி தொடை வரைக்கும் இறங்கிடும். எனக்கு ரெண்டு தடவ அப்படி ஆச்சு. ரெண்டாவது தடவ முட்டி நல்லாப் பெசகிடுச்சு. மேல போகப் போக பறவைச் சத்தம் கூட நின்னு போச்சு. என்ன இடம் இதுன்னு நான் துணிய ரெண்டு ரெண்டா கட்ட ஆரம்பிச்சேன். அவரு பாட்டுக்கு விசிலடிச்சிக்கிட்டுப் போறாரு.

மத்தியானம் ரெண்டு மணி வாக்குல இதுக்கு மேல ஏத்தம் இல்லங்கிற ஒரு இடத்துக்கு வந்துட்டோம். உச்சின்னா என்னமோ ஊரெல்லாம் தெரியும்னு நினைச்சிருந்தேன். ஒண்ணும் தெரியல. சுத்தி மரம். தலைக்கு மேலயும் மரம். அங்கதான் சண்டை வந்துச்சு.

மரத்துக்கு நடுவுல அந்தப் பக்கம் இன்னொரு மேடு தெரிஞ்சுது. அதுதான் உசரம், இது இல்லங்கிறாரு. நான் இதுதான்ங்கிறேன். எனக்கு முட்டி வலி, அதான் உண்மை. விட்டா எங்க இன்னும் நடக்கச் சொல்லுவாரோன்னு. அப்ப சொன்னாரு, நீங்க எதையுமே முக்காவாசியிலதான மச்சான் விடுவீங்கன்னு. விளையாட்டாத்தான் சொன்னாரு. ஆனா எனக்குச் சுருக்குன்னு தச்சிருச்சு. படிப்ப நான் பாதியில விட்டவன். நிச்சயமான கல்யாணம் நின்னு போச்சு. அது எல்லாம் தெரிஞ்ச மனுஷன் சொல்லும்போது வேற மாதிரி கேக்குதுல்ல. போங்க, போயி அந்த உச்சியிலயே இருங்கன்னுட்டேன்.

இதெல்லாம் அப்பவே போலீஸ்ல சொன்னதுதான். மறைக்கல. உங்க ஃபைல்லயும் இருக்கும்.

அவரு தோள்ல பையப் போட்டுக்கிட்டு அந்த மேட்டப் பாத்து இறங்கிப் போனாரு. நான் ஒரு பாறையில சாஞ்சு உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல மூடுபனி வந்துச்சு. வந்துச்சுன்னா, கொஞ்சங் கொஞ்சமா வரல, ஒரேயடியா போர்த்துன மாதிரி. நீட்டுன கை தெரியல. கொஞ்சம் விலகுனதும் துணியப் பாத்துப் பாத்து நான் இறங்க ஆரம்பிச்சேன், டார்ச் அடிச்சுக்கிட்டு அடிவாரம் வந்து சேர ராத்திரி ஆயிடுச்சு. அவரு வரல.

நாப்பது பேர் பதினோரு நாள் தேடுனாங்க. அந்த ரெண்டாவது மேட்டுல ஒரு மரத்துல அவரு அரிவாள் கொத்தி நின்னுச்சு. அந்த மேடு வரைக்கும் போயிட்டாருன்னு அர்த்தம். தேட வந்தவங்கள்ல ஒரு சர்வேயர் இருந்தாரு, அளந்து பாத்தாரு. நான் உக்காந்திருந்த இடத்தவிட அது பத்தொம்பது அடி உசரமாம். மாப்பிள்ள சொன்னதுதான் சரி. அந்தாண்ட நேரா பள்ளம். திரும்பி வரும்போது பனியில எங்க திரும்பினாரோ.

ரேடியோ சத்தமா இருக்கா? குறைக்கிறேன். எப்பவும் ஏதாச்சும் ஓடிக்கிட்டே இருக்கணும் எனக்கு. எல்லா மெஷினும் நின்னு போயி கடை அமைதியாச்சுன்னா எந்திரிச்சு வெளிய போயிடுவேன். தெருவுல எவனாவது எவனையாவது மச்சான்னு கூப்பிட்டா நான் ஏன்னு கேட்டுருவேன். பக்கத்துக் கடைக்காரரு சிரிப்பாரு. காது மட்டும் எப்படிண்ணே ஊருக்கெல்லாம் சேத்து வச்சிருக்கீங்கம்பாரு.

தங்கச்சியா? அவ என்னைய ஒரு வார்த்த குத்திப் பேசினதில்ல. எப்பவாச்சும் சோறு போடும்போது கேப்பா, அவரு பயந்திருப்பாராண்ணான்னு. அவரு பயப்படுற ஆளாம்மான்னு சொல்லிட்டு சாப்பிடுவேன்.

சொல்லுங்க, எழுதிக்கங்க. கடைசியாப் பாத்தது ரெண்டு மணி, அது சரிதான். காதால கடைசியாக் கேட்டது? அப்படியும் தனியா ஒரு கட்டம் இருக்கா? அப்ப போலீஸ் ஃபாரத்துல இந்தக் கட்டம் இல்ல.

நாலரைன்னு போடுங்க.

குரல்தான். பனிக்குள்ள இருந்து. மச்சான், எங்க இருக்கீங்கன்னு. முப்பது அடி கூட இருக்காது. மூணு தடவ கூப்பிட்டாரு. நான் வீம்புக்கு வாயத் தொறக்கல. கொஞ்சம் தேடட்டுமேன்னு இருந்துட்டேன். நாலாவது தடவ சத்தம் வேற பக்கம், தள்ளிப் போயிருச்சு. அப்ப மச்சான்னு கூப்பிடல, என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. தங்கச்சியக் கட்டிக் கொடுத்த நாள்ல இருந்து ஒரு தடவ கூட என் பேரச் சொன்னதில்ல அவரு. அதுக்கப்புறம்தான் எந்திரிச்சுக் கத்தினேன். பதில் இல்ல.

இல்ல மேடம், எழுதினத அடிச்சிட வேணாம். அப்படியே இருக்கட்டும். இதோட நகல் ஒண்ணு தங்கச்சிக்கும் அனுப்புவீங்கல்ல? அனுப்பிருங்க. ஏழு வருஷமா அவகிட்ட என்னால சொல்ல முடியல.