கையில் ரத்தம் ஓடாத பெண்

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"என் கையில ரத்தமே ஓடலையாம்க்கா. நேத்து மெசினு சொல்லிருச்சு."

"ஆத்தாடி! எந்த மெசினு?"

"காலையில வேலைக்குப் பேரு பதியுற பெரட்டுல புதுசா வச்சிருக்காங்களே, அதான். நம்ம வெரல் ரேகைதான் தேஞ்சு போச்சே. இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அடிச்சு, கை நரம்பப் படம் புடிச்சு ஆளக் கண்டுபிடிக்குமாம்."

"மலிவா வாங்கியிருப்பாங்க."

"குளுருல கை வெறச்சு, நரம்பு ஒண்ணும் தெரியல. அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான்னுட்டாரு கணக்கப்புள்ள."

"விட்டுட்டியா?"

"விடுவேனா? அவரு குடிச்சிக்கிட்டிருந்த சுடுதேத்தண்ணிக் கோப்பையப் புடுங்கி ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன். மறுபடி கைய வச்சேன், பச்ச லைட்டு! முழுப்பேரு!"

"கோப்பையத் திருப்பிக் குடுத்தியா?"

"குடுத்தேன்க்கா. தேத்தண்ணிய மட்டும் குடிச்சிட்டேன். கைக்கு மட்டுமா குளுருது?"